உலகக் கோப்பை சமயத்தில் க்ரூகரில் தங்குவது: முதலில் அறையா, டிக்கெட்டா?

2027 அக்டோபர், நவம்பரில் ஒருநாள் உலகக் கோப்பை பார்க்கத் தென்னாப்பிரிக்கா வருகிறீர்கள். கூடவே மனைவி, ஐந்து வயதுப் பையன், 68 வயது அம்மா. நடுவில் நான்கு இரவு க்ரூகர் தேசியப் பூங்காவில் தங்க ஆசை. போட்டி அட்டவணை வராத நிலையில் இப்போதே அறை போடலாமா, கூட்டம் வந்தால் விலை எகிறிவிடுமா, பூங்காவுக்கு உள்ளே தங்குவதா வெளியே தங்குவதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது ஒரே கேள்விதான். எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாமல், தேதி சொன்னால்தான் அறை தருகிற ஓர் இடத்தை எப்படிப் பிடிப்பது? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை தானாக அதற்குள் வந்து விழும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு, நம்மூரிலிருந்து வருகிற குடும்பங்களுக்கும் சிறு குழுக்களுக்கும் பயணம் ஏற்பாடு செய்து தருவது பதினாறு, பதினேழு வருடமாக என் வேலை. 2009இல் இந்தியத் தேர்தல் காரணமாக ஐபிஎல் முழுவதும் இங்கே மாறி வந்தபோது தொழிலுக்குப் புதிது. அடுத்த வருடமே கால்பந்து உலகக் கோப்பை. விளையாட்டுத் திருவிழா வந்தால் ஒரு நாட்டின் அறைகள் என்ன பாடுபடும் என்பதை அந்த இரண்டு வருடங்களில் கற்றுக்கொண்டேன். ஆகவே கேட், முகாம், சாலை, புக்கிங் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மழை எப்போது வரும், இந்தியா அரையிறுதிக்குப் போகுமா என்பதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும். மருந்து விஷயத்தில் நான் சொல்வதை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2010 கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. அந்தக் கோப்பையின் ஒரு மைதானம் க்ரூகருக்குப் பக்கத்திலேயே, நெல்ஸ்ப்ரைட் ஊரில் இருந்தது. கூரையைத் தாங்கும் தூண்கள் ஒட்டகச்சிவிங்கி வடிவம், இருக்கைகள் வரிக்குதிரைக் கோடு. அங்கே நான்கு ஆட்டங்கள் நடந்தன. உலகமே வந்து க்ரூகரில் குவியும் என்று ஒரு நினைப்பு. போட்டியை நடத்தியவர்களுக்காக ஒரு நிறுவனம் நாடெங்கும் அறைகளை மொத்தமாக முன்பதிவு செய்து வைத்துக்கொண்டது. பூங்காவுக்குள் தங்குவதற்கென்று இருக்கும் முகாம்களின் அறைகளும் அதில் போயின. 2009 கடைசியில் ஸ்குகூசா முகாமில் அறை கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். எனக்கு ஒரு பன்னிரண்டு பேர் குழு இருந்தது. பயந்துபோய் ஒரு தனியார் விடுதியில், திரும்பக் கிடைக்காத முன்பணம் கட்டி, வழக்கமான விலையைப் போல இரண்டு மடங்குக்கு அறை எடுத்தோம். போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு என்ன நடந்தது தெரியுமா? எதிர்பார்த்த அளவுக்கு வெளிநாட்டுக் கூட்டம் வராது என்பது தெரிந்ததும், பிடித்துவைத்த அறைகளில் பெரும்பகுதியைத் திருப்பி விட்டார்கள். நாலரை லட்சம் பேர் வருவார்கள் என்று பேசினார்கள். கடைசியில் அரசு சொன்ன கணக்கு சுமார் 3,10,000. என் குழு அந்தத் தனியார் விடுதியிலிருந்து காரில் போகும்போது, ஸ்குகூசா முகாமில் பல குடில்கள் காலியாகக் கிடந்ததைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அன்றைக்கு வண்டிக்குள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அப்படியானால் 2027இலும் பொறுத்திருந்து கடைசியில் வாங்கலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2010க்கும் இதற்கும் மூன்று வித்தியாசம் உண்டு. முதலாவது, இந்த முறை க்ரூகருக்குப் பக்கத்தில் மைதானமே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் எட்டு மைதானங்கள்: ஜோகன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸ், ப்ரிட்டோரியாவை ஒட்டிய செஞ்சூரியன், டர்பன், கேப் டவுன், பார்ல், ப்ளூம்ஃபொன்டெய்ன், முன்பு போர்ட் எலிசபெத் என்றிருந்த கெபெஹா, ஈஸ்ட் லண்டன். மொத்தம் 54 ஆட்டங்களில் 44 இங்கே. மிச்சம் பத்து ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும். இவற்றில் க்ரூகருக்குக் கிட்டத்தில் இருப்பவை ஜோகன்னஸ்பர்க்கும் செஞ்சூரியனும்தான்; அவையே நான்கு முதல் ஐந்து மணி நேரத் தொலைவு. ஆட்டம் பார்த்துவிட்டு இரவு பூங்காவில் படுப்பது என்ற பேச்சே இல்லை. ஆகவே ரசிகர் கூட்டம் நேரடியாக முகாம்களை நிரப்பிவிடாது.

இரண்டாவது, 2010 ஆட்டங்கள் ஜூன், ஜூலையில் நடந்தன. அது இங்கே குளிர்காலம், காய்ந்த காலம், விலங்கு பார்க்க ஆண்டிலேயே சிறந்த காலம். போதாததற்குக் கோப்பைக்காகவே பள்ளிகளுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் விடுமுறை விட்டார்கள். இதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதே இல்லை: க்ரூகரின் முகாம்களை நிரப்புபவர்கள் முக்கியமாக இந்த நாட்டு மக்களே. வருடா வருடம் அதே முகாம், அதே வாரம், சில பேருக்கு அதே குடில் என்று வருகிறவர்கள். அவர்களுக்கு கிரிக்கெட் ஒரு பொருட்டில்லை. பள்ளி விடுமுறையும் வார இறுதியும்தான் கணக்கு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சிறு விடுமுறை வரும். அதற்குப் பிறகு டிசம்பர் வரை பள்ளி, தேர்வு என்று போய்விடும். ஆகவே அக்டோபர் நடு முதல் நவம்பர் கடைசி வரை, திங்கள் முதல் வியாழன் வரையிலான இரவுகள் உங்களுக்குச் சாதகம். வெள்ளி, சனி இரவுகள் எப்போதும் போலத் தகராறுதான்.

மூன்றாவது வித்தியாசம் நம் ஆட்கள். 2010இல் வந்தவர்கள் பலரும் பூங்காவை ஒரு கூடுதல் ஆசையாக வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு கிரிக்கெட் பார்க்க வருகிறவர்களுக்கு, பத்துப் பதினைந்து நாள் பயணத்தில் ஒரு சஃபாரி இல்லாமல் தீராது. 2010இல் வராத கூட்டம் இந்த முறை வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. இது என் ஊகம், கணக்கு இல்லை. ஆனால் என் காசை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் இந்தப் பக்கம்தான் கட்டுவேன்.

சரி, விலைக்கு வருவோம். க்ரூகருக்குள் இருக்கும் 12 பெரிய முகாம்களையும் மற்ற சிறு முகாம்களையும் நடத்துவது சான்பார்க்ஸ் என்ற அரசு அமைப்பு. விமான டிக்கெட் போலத் தேவை கூடக் கூட நாளுக்கு நாள் ஏறும் விலை அங்கே இல்லை. கட்டணப் பட்டியல் பொதுவாக நவம்பர் 1ஆம் தேதி மாறும். உங்கள் பயணம் அந்தத் தேதிக்கு இரு பக்கமும் விழலாம் என்பதால், அக்டோபர் இரவுக்கு ஒரு விலை, நவம்பர் இரவுக்கு இன்னொரு விலை என்று காட்டினால் குழம்ப வேண்டாம். அறை வாடகை தவிர, இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் என்று ஆளுக்கு, நாளுக்கு ஒரு தொகை உண்டு. வெளிநாட்டவருக்கு அது ஒரு நாளைக்கு 500 ரேண்டைத் தாண்டிவிட்டது; குழந்தைக்குக் குறைவு. நான்கு இரவு, நான்கு பேர் என்றால் இதுவே ஒரு நல்ல தொகை ஆகும், பட்ஜெட்டில் மறந்துவிடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காக்களுக்குப் போகிறீர்கள் என்றால் 'வைல்டு கார்டு' என்ற ஆண்டுச் சந்தா லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பூங்காக்களில் கழிக்கும் நாள்கள் கூடக் கூட லாபமும் கூடும். விலை எகிறுவது எல்லாம் பூங்காவுக்கு வெளியே உள்ள தனியார் விடுதிகளிலும், வாடகைக் காரிலும், உள்நாட்டு விமானத்திலும்தான். பூங்காவுக்குள் தட்டுப்பாடு பணத்துக்கு இல்லை, படுக்கைக்கு. படுக்கை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இப்போது தேதி. சான்பார்க்ஸ் அறைகளுக்கான முன்பதிவு பொதுவாக 11 மாதம் முன்பு திறக்கும். அதாவது 2027 அக்டோபர் நடு இரவுகளுக்கு 2026 நவம்பரில் திறந்துவிடும். கிரிக்கெட் அட்டவணை எப்போது வரும் என்பதற்கு இப்படி ஒரு ஒழுங்கு கிடையாது. 2019 கோப்பைக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே அட்டவணை வந்துவிட்டது. 2023இல் இந்தியாவில் நடந்ததற்கு நூறு நாள்தான் மிச்சம் இருந்தபோது, ஜூன் 27 அன்று வந்தது. அப்புறம் ஆகஸ்டில் ஒன்பது ஆட்டங்களின் தேதியையோ நேரத்தையோ மாற்றினார்கள். இந்தியா-பாகிஸ்தான் ஆட்டமே அக்டோபர் 15இலிருந்து 14க்கு வந்தது. அகமதாபாத்தில் அறை போட்டவர்கள் பட்ட பாடு உங்களுக்கே நினைவிருக்கும். ஆகவே அட்டவணையை எதிர்பார்த்துப் பூங்காவைத் தள்ளிப்போடுவதில் அர்த்தம் இல்லை. மாட்டைக் கட்டுவதற்கு முன் முளையை அடிப்பது போல, முதலில் பூங்கா இரவுகளை அடித்துவிடுங்கள். கிரிக்கெட்டை அதைச் சுற்றிக் கட்டுங்கள். பதினான்கு அணி, ஐம்பத்து நான்கு ஆட்டம் இருக்கும் போட்டியில் நீங்கள் பார்க்க ஓர் ஆட்டம் எப்படியும் கிடைக்கும். ஸ்குகூசாவில் நாலு பேருக்கு ஒரு குடில் அப்படிக் கிடைக்காது.

எந்த வாரத்தில் முளை அடிப்பது? இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, இந்தியாவிலிருந்து நேராக ஜோகன்னஸ்பர்க் இறங்கி, அங்கிருந்து முதல் வேலையாகப் பூங்காவுக்குப் போய்விட்டு, பிறகு கிரிக்கெட். இதில் நல்லது என்னவென்றால், அட்டவணை எப்படி வந்தாலும் பயணத்தின் முன்பாதி அசையாது. இன்னொன்று, கடைசியில் வைப்பது. இதை நான் சொல்ல மாட்டேன். அணி முன்னேறினால் ஊர் திரும்பும் தேதியை நீட்டத் தோன்றும். அப்போது முதலில் பலியாவது பூங்காதான், கட்டிய பணத்தில் ஒரு பகுதியும் போகும். தேதி நெருங்க நெருங்கக் கேன்சல் செய்தால் கழித்துக்கொள்ளும் தொகை கூடிக்கொண்டே போகும் என்பதை ஞாபகம் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் அறை போட்டுவைத்து, அட்டவணை வந்ததும் வேண்டாததைக் கேன்சல் செய்யலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2010இல் பெரிய அளவில் நடந்த கூத்தின் சின்ன வடிவம் அது. ஒவ்வொரு குடும்பமும் அப்படிச் செய்தால் முகாம் காகிதத்தில் நிறைந்தும் நிஜத்தில் காலியாகவும் இருக்கும். வேண்டாமே.

உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் உள்ளே. காரணம் சொகுசு இல்லை, கேட். க்ரூகரின் பரப்பு சுமார் 19,485 சதுர கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 360 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சியையும் தாண்டுகிற தூரம். தார்ச் சாலையில் மணிக்கு 50, மண் சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு போனால் சராசரி 25 கூட வராது. அக்டோபரில் பூங்காவின் கேட்டுகள் காலை 5.30க்குத் திறந்து மாலை 6க்கு மூடும். நவம்பரில் மாலை 6.30 வரை. அதோடு ஒரு சின்னச் சலுகை உண்டு: நவம்பர் முதல் ஜனவரி வரை முகாமின் உள்கேட் காலை 4.30க்கே திறக்கும், பூங்காவின் வெளிக்கேட் 5.30க்குத்தான். உள்ளே தங்குபவருக்கு அந்த ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைக்கிறது. சிங்கமும் சிறுத்தையும் சாலையில் நடமாடுகிற நேரம் அது. வெளியே தங்குபவர் அந்த நேரத்தில் கேட் வரிசையில் நிற்பார். பகல் பார்வையாளர் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு, கூட்டமான நாள்களில் முன்பதிவு இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூடும் நேரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. "ஐந்து நிமிடம் தாமதம்தானே" என்று கெஞ்சுவதற்கு அங்கே இடம் இல்லை. நான் அனுப்பிய ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக்கும் கடைக்கும் நின்று, மாலை 6.20க்கு மலெலானே கேட்டுக்கு வந்தார்கள். அக்டோபர் மாதம். உள்ளே பணம் கட்டிய குடில் காத்திருக்க, அன்றிரவு வெளியே வேறு அறை தேடிப் படுத்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் மலெலானே சுமார் நான்கு, நாலரை மணி நேரம். பால் க்ரூகர் கேட் வழியாக ஸ்குகூசா போக ஐந்தரை மணி வரை வைத்துக்கொள்ளுங்கள். பகலிரவு ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்புகிறீர்கள் என்றால் காலை 7 மணிக்குள் வண்டி நகர வேண்டும். முகாமில் அறை மதியம் 2 மணிக்குத்தான் கைக்கு வரும், திரும்பும் நாள் காலை 10க்குக் கொடுத்துவிட வேண்டும். இரவில் இந்த நாட்டு நெடுஞ்சாலைகளில் ஓட்டாதீர்கள். வரைபடம் பல சமயம் நும்பி கேட் வழியைக் காட்டும். 2022இல் அந்தச் சாலையில் ஒரு ஜெர்மன் பயணி சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து நான் யாரையும் அந்தப் பக்கம் அனுப்புவதில்லை. மலெலானே அல்லது பால் க்ரூகர் கேட் போதும்.

நான்கு இரவை இரண்டு முகாமாகப் பிரியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நாளுக்கொரு முகாம் மாறினால் அம்மாவுக்குப் பெட்டி கட்டுவதே வேலையாகிவிடும். முதல் இரண்டு இரவுக்கு ஸ்குகூசா அல்லது பெர்க்-என்-டால். இரண்டுமே கேட்டிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில்தான், வந்து சேரும் நாள் பதற்றம் இருக்காது. ஸ்குகூசா ஒரு சிறு ஊர் மாதிரி: கடை, பெட்ரோல், மருத்துவர், சற்றுத் தள்ளி விமான நிலையம்கூட உண்டு. காடு என்ற உணர்வு குறைவு என்று பலர் குறை சொல்வார்கள். வயதானவரோடும் குழந்தையோடும் போகும்போது அதுதான் நிறை. அடுத்த இரண்டு இரவு லோயர் சபி. ஸ்குகூசாவிலிருந்து சபி ஆற்றை ஒட்டியே வருகிற சுமார் 45 கிலோமீட்டர் தார்ச் சாலை, என் கணக்கில் பூங்காவிலேயே சிறந்தது. அதை ஓட்டிக் கடக்க ஒரு முழுக் காலை நேரம் ஒதுக்குங்கள். முகாமின் உணவகத் தளத்தில் உட்கார்ந்தால் கீழே ஆறு, நீர்யானை, யானைக் கூட்டம். அம்மா காரில் ஏறவே வேண்டாம், அங்கேயே ஒரு நாள் போய்விடும். லோயர் சபி கிடைக்காவிட்டால் சட்டாரா. பூனை இன விலங்குகளுக்குப் பெயர் போன சமவெளி, ஆனால் ஆறு இல்லை, வெயில் தெரியும். ஒலிஃபன்ட்ஸ் முகாமின் மலையுச்சிக் காட்சிக்கு ஈடில்லை என்றாலும் உங்கள் நான்கு நாளுக்கு அது தூரம்.

அறை வகையில், 'ஹட்' என்று போட்டிருப்பவை பலவற்றுக்குக் குளியலறை பொது. அம்மா இருப்பதால் 'பங்களா' அல்லது 'காட்டேஜ்' என்று இருப்பதைத் தேடுங்கள். சொந்தக் குளியலறை இருக்கும், பலவற்றில் சிறு சமையலறையும் உண்டு. சைவம் என்றால் இது பெரிய உபகாரம், வழியில் நெல்ஸ்ப்ரைட்டில் அரிசி, பருப்பு, தயிர் வாங்கிக்கொள்ளலாம். சமையலறை பெரும்பாலும் வராந்தாவில் இருக்கும். குரங்குகள் பிரிட்ஜைத் திறக்கத் தெரிந்தவை. பூட்டு இருந்தால் பூட்டுங்கள், கூண்டு இருந்தால் கொக்கியைப் போடுங்கள்.

பருவத்தைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அக்டோபர், காய்ந்த காலத்தின் கடைசி. புல் குட்டை, மரத்தில் இலை குறைவு, தண்ணீர் இருக்கிற இடங்கள் சில. ஆகவே விலங்குகள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். முதல் நல்ல மழை விழுந்ததும் இது மாறத் தொடங்கும். தண்ணீர் எங்கும் கிடைக்கும், விலங்குகள் சிதறும், புதர் பச்சை பிடித்து மறைக்கும். பதிலுக்கு நவம்பர் கடைசியில் இம்பாலா மான்கள் கூட்டம் கூட்டமாகக் குட்டி போடும், வலசைப் பறவைகள் வந்திறங்கும். அந்த முதல் மழை அக்டோபரிலேயே வரலாம், நவம்பர் நடு வரை இழுக்கவும் செய்யலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் அக்டோபர் நடு வாரங்களை எடுங்கள். வெயில் 40 பாகையைத் தொடும் நாள்கள் இரண்டு மாதத்திலும் உண்டு. பகல் 11 முதல் 3 வரை ஏசி போட்ட அறைக்குள் இருந்துவிடுங்கள், விலங்குகளும் நிழலில்தான் கிடக்கும்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். க்ரூகர் மலேரியாப் பகுதி. மழை தொடங்கும் காலத்திலிருந்து மே வரை ஆபத்து அதிகம். உங்கள் பயணம் சரியாக அதன் வாசலில் விழுகிறது. பெரியவர்களுக்குத் தடுப்பு மாத்திரை எளிது. குழந்தைக்கு எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு எது சேரும், எது சேராது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டால் நிதானமாக முடிவு செய்யலாம். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக விமானம் மாறுகிறீர்கள், இடையில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டுகளில் இந்தக் கண்ணி உண்டு.

மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று தோன்றினால், க்ரூகர் பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். மலேரியா இல்லாத நல்ல காடுகள் இரண்டு, மைதானங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கின்றன. பிலனெஸ்பெர்க் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரம். ஒரு பழைய எரிமலை வளையத்துக்குள் சுமார் 550 சதுர கிலோமீட்டர். சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு. ஆனால் அதை நடத்துவது மாகாண அமைப்பு, சான்பார்க்ஸ் தளத்தில் தேடினால் கிடைக்காது. கெபெஹாவில் ஆட்டம் பார்க்கிறீர்கள் என்றால் அடோ யானைப் பூங்கா ஒரு மணி நேரத் தொலைவுதான். 1931இல் அதை அறிவித்தபோது அங்கே மிஞ்சியிருந்தவை பதினொரு யானைகள், இன்று 600க்கு மேல். சின்னப் பையனுக்கு யானை போதும் என்றால் அடோ போதும். முகாமும் சிறியது, சீக்கிரம் நிறையும். கெபெஹாவில் இந்தியா ஆடும் என்று அட்டவணை வந்த அன்றே அது தீர்ந்துபோகும் என்று நினைக்கிறேன்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்பனிலிருந்து ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி மூன்று, மூன்றரை மணி நேரம், வெள்ளைக் காண்டாமிருகத்தை அழிவிலிருந்து மீட்ட இடம். அதுவும் மாகாண அமைப்பினுடையது, அங்கும் கொஞ்சம் மலேரியா ஆபத்து உண்டு. கேப் டவுன், பார்ல் பக்கம் மலையும் கடலும் அழகு, சிங்கம் பார்க்கிற தேசியப் பூங்கா பக்கத்தில் கிடையாது. அங்கிருந்து க்ரூகருக்குக் காரில் போகலாமா என்று வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். 1,800 கிலோமீட்டர், விமானத்தில் போங்கள். நமீபியா ஆட்டத்துக்குப் போவதாக இருந்தால் விண்ட்ஹூக்கிலிருந்து எட்டோஷா ஒரு நாள் ஓட்டம். அக்டோபரில் அதன் ஓகாகுயேயோ முகாமின் விளக்கு போட்ட நீர்நிலையோரம் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கலாம். இப்படி எல்லை தாண்டும் எண்ணம் இருந்தால், தென்னாப்பிரிக்க விசாவை ஒருமுறை நுழைவுக்கு வாங்கிவிடாமல் பலமுறை நுழைவுக்குக் கேளுங்கள். இதை மறந்து எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வாடகைக் காரை அறை உறுதியான அன்றே பதியுங்கள், கேன்சல் செய்யக்கூடிய வகையில். கூட்டத்தில் விலை ஏறும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். ஓட்டுவது நம்மைப் போல இடப்பக்கம், சிரமம் இல்லை. சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருங்கள். பையனுக்குச் சிறுவர் இருக்கை வேண்டும் என்று அப்போதே எழுதிக் கேளுங்கள்.

பூங்கா நடத்தும் திறந்த வண்டிச் சஃபாரிகள் விடியலுக்கு முன்னும் இரவிலும் போகும். கேட் மூடிய பிறகு காட்டில் இருக்க உங்களுக்குள்ள ஒரே வழி அதுதான். ஆனால் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை அதில் ஏற்ற மாட்டார்கள், பணம் கட்டியிருந்தாலும் சரி. பையனுக்கு ஐந்து வயது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆறு முடிவது எப்போது என்று எழுதவில்லை. அது பயணத்துக்கு முன்பே வந்துவிடும் என்றால் லோயர் சபியில் ஒரு மாலைச் சஃபாரிக்கு நான்கு இடம் போடுங்கள். பிந்தி வரும் என்றால், நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு நாளாகப் போங்கள், மற்றவர் பையனோடும் அம்மாவோடும் முகாமில் இருக்கட்டும். பிறந்த மாதத்தைச் சொன்னால் எந்த இரவில் எதைப் போடலாம் என்று எழுதுகிறேன்.